மேட்டு மரமும் சேரி மரமும்

“கன்னு வச்சாச்சுன்னு எழுதிப்புட்டா நெழலு வந்துடுமாடா?”

என் அத்தை கேட்ட கேள்வி இது. எழுதப் படிக்கத் தெரியாதவர். நடவு, களையெடுப்பு என்று அறுபது வருசம் குனிந்தே கிடந்தவர். குனிய முடியாமல் போன பிறகு கீற்று முடைந்து பிழைத்தார். அவர் உட்கார்ந்து முடைந்த பூவரசு நின்ற இடத்தில் இன்று சிமெண்டுத் தளம் கிடக்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்தது. மரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நிலம் வருகிறது. நிலத்தைப் பற்றி எழுதினால் சாதி வருகிறது. விலக்கிவிட்டு எழுத என்னால் முடியவில்லை.

1

கிளிஞ்சல்மேட்டுக்கு மேற்கே, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்க தெரு. தெருவுக்கும் மேட்டுக்கும் நடுவில் கிடந்த புறம்போக்கில் ஒரு கட்டடம் வரப்போகிறது என்றார்கள். வரட்டும், நம்ம பிள்ளைகளுக்கும் உதவும் என்று சும்மா இருந்தோம். மூன்றே நாளில் ஜேசிபி வந்து இடத்தை மொட்டையடித்துவிட்டது. வேம்பு, பூவரசு, பனை, ஒதியன், முருங்கை, வேலியோரத்து நொச்சி, தாழை எல்லாம் ஒரே குவியல். மரம் நின்ற மணல்திட்டையும் வழித்துச் சமன் செய்துவிட்டார்கள். பருத்த மரங்களை ஏலம் எடுத்தவர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். சுள்ளி பொறுக்கப் போன எங்க பெண்களை வாட்ச்மேன் விரட்டினார். நேற்று வரைக்கும் அவர்கள் பெருக்கிச் சுத்தம் பண்ணிய மரத்தடி அது.

போய்க் கேட்டோம். “ஒரு மரத்துக்குப் பத்துக் கன்னு நடணும்னு உத்தரவு இருக்கு, நட்டுடுவோம்” என்றார்கள். சொன்னபடி நட்டார்கள். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். சாமியானா, மைக்செட், பேனர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றன. ஆளுக்கொரு கன்று, ஆளுக்கொரு போட்டோ. கட்டடக் கழிவும் கிராவலும் கொட்டி இறுகிக் கிடந்த தரையில் முழங்கை ஆழம்கூட இல்லாத குழி. கன்றின் பிளாஸ்டிக் பையைக்கூடச் சில இடங்களில் கிழிக்கவில்லை. ஆடி மாசத்துக்குள் பாதி கருகியது. மீதியை ஆடு மேய்ந்தது. ஆடு எங்களுடையதாம், ஆகவே குற்றமும் எங்களுடையதாம்.

மனு எழுதிக் கொடுத்தோம். மூன்று கேள்வி கேட்டோம். எத்தனை மரம் வெட்டினீர்கள்? எத்தனை கன்று நட்டீர்கள்? எத்தனை உயிரோடு இருக்கிறது? முதல் இரண்டுக்கும் எண் வந்தது. மூன்றாவதற்கு, நடவுப் பணி நிறைவடைந்துவிட்டது என்று ஒரு வரி வந்தது. வந்த எண்ணிலும் சூது இருந்தது. அவர்கள் எண்ணியது அடிமரம் பருத்த, விலைபோகிற மரங்களை மட்டும். எங்க தெரு எண்ணி வைத்திருந்ததில் அது பாதிகூட இல்லை. முருங்கையை மரம் என்று எழுதவில்லை. தாழையை எழுதவில்லை. ஒதியனை எழுதவே இல்லை.

‘ஒதி பெருத்தாலும் உத்திரத்துக்கு ஆகாது’ என்று பழமொழி சொல்வார்கள். உத்திரம் போட்டு வீடு கட்டியவன் சொன்ன பழமொழி அது. எங்க வீட்டுக்கு உத்திரம் ஏது? ஒதியங்கிளையை ஒடித்து ஊன்றினால் மழைக்குத் துளிர்த்து வேலியாகும். கோடையில் ஆட்டுக்குத் தழையாகும். உத்திரத்துக்கு ஆகாத மரம் எங்களுக்கு ஆன மரம். பழமொழியில் விட்டுப்போன மரம் அரசாங்கப் பட்டியலிலும் விட்டுப்போச்சு.

2

காரைக்கால் கடலோரத்து ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, கோட்டுச்சேரிமேடு, காசாக்குடிமேடு. எல்லாம் மேடு. கடலும் காற்றும் சேர்ந்து கரைக்கு இணையாக ஒதுக்கிய மணல்வரிசைகள் இவை. அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு என்று காவிரியின் கடைசிக் கிளைகளெல்லாம் இந்த மேட்டில் முட்டி, வழி தேடிக் கடலில் விழுகின்றன. மேட்டுக்குப் பின்னால் உள்ள தாழ்வில் தண்ணீர் தேங்கும்.

மேட்டில் மீனவர் இருந்தார்கள், கடலைப் பார்க்க வேண்டிய தொழில் அவர்களுடையது. உள்ளே தள்ளி ஆற்றங்கரை மேட்டில் கோயில், அக்கிரகாரம், மிராசுதார் வீடு. இரண்டு மேட்டுக்கும் நடுவில், அய்ப்பசி கார்த்திகையில் அடுப்புக்குள் தண்ணீர் வரும் தாழ்வில் சேரி. இந்தப் பக்கத்தில் சாதியை அடிக்கோல் வைத்து அளக்கலாம். எவன் வீட்டு வாசல் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

கிளிஞ்சல்மேடு என்ற பெயரில் ஒரு தொழில் இருக்கிறது. கழிமுகச் சேற்றில் இறங்கிக் கையால் தடவிக் கிளிஞ்சல் எடுப்பது, எடுத்ததைக் கரியோடு மாற்றி மாற்றி அடுக்கிக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது. சிமெண்டு வருவதற்கு முன்னால் தமிழ்நாட்டுக் கடலோரத்து மச்சுவீடுகள் பலவும் கிளிஞ்சல் சுண்ணாம்பில் எழுந்தவைதான். சேற்றில் தடவியவள் கைக்குக் கூலி வந்தது, சுவர் வரவில்லை. அவள் வீடு மண்சுவரும் கீற்றுமாகவே இருந்தது. சுவர் இல்லாதவளுக்கு மரம்தான் சுவர். வெயிலுக்கும் காற்றுக்கும் குறுக்கே நிற்பது அது ஒன்றுதான். சேரிக்கு மரம் எதற்கு, அழகுக்கா என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

3

மரம் யாருடையது?

1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1 வரை, இடையில் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட காலம் போக, அவர்கள் ஆட்சிதான். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-இல் நடந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பேசிய ஆட்சியிலும் நெல் விளைந்த நிலம் மிராசுதாரிடம்தான் இருந்தது, சேற்றில் நின்றது சேரிதான்.

1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான கறுப்பின மக்கள் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். அவர்களுக்குப் ‘பதில்’ ஆள் தேவைப்பட்டது. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பல் கிளம்பியது. குவாதலூப் தீவுக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 42,000 பேர், மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர். ரெயூனியன் தீவுக்குப் போனவர்கள் தனி. அதில் சேரி சனங்கள் ஏராளம். ஏற்றிய தலைகளையும் இறக்கிய தலைகளையும் எண்ணிப் பதிவேடு எழுதினார்கள். இறக்கிய பிறகு ஒப்பந்தக் காலம் முடிய எத்தனை பேர் தாங்கினார்கள் என்பதில் முதலாளிகளுக்கு அக்கறை இருக்கவில்லை. செத்தால் அடுத்த கப்பல். ஒன்று போனால் இன்னொன்று என்று பதில் வைக்கும் கணக்கு எங்க மக்களுக்குப் புதுசு இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் சென்னை மாகாணத்தில், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பின்னால் 1892-இல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. அதுவும் பிறகு களவுபோனது. காரணையில் அதை மீட்கப் போன போராட்டத்தில்தான் 1994-இல் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். காரைக்கால் அந்த மாகாணத்தில் இல்லை. களவுபோனது என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு அப்படி ஒரு பஞ்சமி நிலம்கூட இல்லை.

பண்ணைக் காலத்தில் ஆள் குடியிருந்த மனை மிராசுதாருடையது. மனையில் நின்ற மரமும் அவருடையதுதான். ஆயா சொல்லும்: “தண்ணி ஊத்துனது நான். காய் பறிச்சா கட்டி வச்சு அடிப்பாங்க. வுழுந்த மட்டைய எடுத்தாக்கூட கேட்டுட்டுத்தான் எடுக்கணும்.” மரம் வைத்தால் மனையில் உரிமை கொண்டாடுவான் என்று பயந்து, சேரி ஆள் மரம் வைப்பதையே தடுத்த பண்ணைகளும் உண்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ‘சேரிக்காரனுக்கு மரம் வளக்கத் தெரியாது, வெட்டத்தான் தெரியும்’ என்று இன்றைக்குப் பேசும் வாய்க்கு இந்த வரலாறு தெரியாதா?

1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். காரைக்காலிலிருந்து அது தூரமில்லை. அந்த நெருப்புக்குப் பிறகுதான் கீழத்தஞ்சையில் குடிமனை என்ற பேச்சு அரசாங்கத்தின் காதில் விழுந்தது. 1971-இல் தமிழ்நாட்டில் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. புதுச்சேரிப் பகுதிக்கும் அதே மாதிரிச் சட்டம் பின்னால் வந்தது. மனை நம்முடையது என்று காகிதம் வந்த அன்றைக்குத்தான் மரமும் நம்முடையது ஆச்சு. அத்தையின் பூவரசுக்கு முன்னால் நின்ற வேம்பு அந்தக் காகிதம் வந்த மாசத்தில் வைத்தது என்று எங்க வீட்டில் சொல்வார்கள். எங்க தெருவில் பாதிப் பேருக்கு ரெண்டு சென்ட் மனை. வீடு கட்டியது போக மரம் வைக்க இடமில்லை. எதிரில் கிடந்த புறம்போக்கில் வைத்தார்கள். வைத்தது சேரி, இடம் சர்க்கார். பிரச்சினை இங்கேதான் ஆரம்பம்.

4

கடலோரம் என்றாலே சவுக்குத்தோப்பு என்று சினிமா நம் கண்ணில் பதித்து வைத்திருக்கிறது. சவுக்கு இந்த மண்ணின் மரமே இல்லை. தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியக் கரைகளின் மரம். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ரயிலுக்கு விறகு வேண்டி சென்னைக் கடற்கரையில் பயிராக்கினார்கள். நான்கைந்து வருசத்தில் வெட்டி விற்கலாம் என்பதால் நிலம் வைத்திருந்தவர்களுக்கும் பிடித்துப்போனது. 1977 நவம்பர் 12-இல் நாகையைப் புரட்டிப்போட்ட புயலுக்குப் பிறகு, காற்றைத் தடுக்க என்று இன்னும் நட்டார்கள். 1981-இல் சுவீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. பேரில் சமூகம் இருந்தது. எந்தச் சமூகம்? மேய்ச்சல் நிலம் தோப்பாகும்போது ஆடுமாடு எங்கே போகும் என்று சேரியை யாராவது கேட்டார்களா?

சவுக்கு எங்களுக்குக் கூலி கொடுத்ததை நான் மறுக்கவில்லை. நட்டோம், குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினோம், வெட்டினோம், கட்டுக் கட்டினோம். தோப்புக்குள் உதிர்ந்த சருகை வாரினால் திருட்டு என்றார்கள்.

இதற்கு முன்னால் மேட்டில் என்ன இருந்தது? அடம்பங்கொடி, தாழை, பனை, புன்னை, உள்ளே தள்ளி வேம்பும் பூவரசும். அடம்பும் தாழையும் மணலைப் பிடித்து மேட்டை மேடாக வைத்திருந்தன. பனை ஓலை தந்தது, நுங்கும் கிழங்கும் தந்தது. பறைக்குச் சட்டம் வேம்பில் எடுத்தோம். அடிகுச்சி பூவரசில் சீவினோம், சுண்டுகுச்சி மூங்கிலில். நம் இசைக்கருவிக்கே மரக்கணக்கு இருக்கிறது. எங்க தெருவில் இன்று பறை கற்க வரும் பிள்ளைகள் அடிகுச்சிக்குப் பூவரசங்கிளை தேடி அடுத்த ஊருக்குப் போகிறார்கள்.

5

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. காரைக்கால் வட்டாரத்தில் மட்டும் செத்தவர்கள் அய்ந்நூறு பேர் அளவில். அடிபட்ட ஊர்களில் கிளிஞ்சல்மேடும் ஒன்று. பக்கத்து நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேல். மீனவர் வீடுகளில் விழுந்த அந்த இழவை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. எங்க தெருவும் அன்று அவர்களோடு அழுதது. நாகையில் அழுகிய பிணங்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்தெல்லாம் துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். யார் அவர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு நிவாரணம் வந்தது. பல ஊர்களில் சேரியைத் தள்ளி வைத்துவிட்டு வந்தது. உப்பு ஏறிய வயலில் வேலை போன கூலிக்காரர் ‘பாதிக்கப்பட்டவர்’ பட்டியலில் வரவில்லை. தலித் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் 2005-லேயே இதைப் பதிவு செய்தார்கள். சாதியைப் பார்க்காமல் உதவுகிறோம் என்று கிளம்பியவர்களின் பார்வையின்மையே ஒதுக்கலை எப்படி இன்னும் மோசமாக்கியது என்று டிம் கில் என்ற ஆய்வாளர் 2007-இல் தனி அறிக்கையே எழுதினார்.

அடுத்து வீடு. 2005 மே மாதம் உலக வங்கி தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து 46.5 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. தொண்டு நிறுவனங்கள் வரிசைகட்டி வந்தன. தமிழ்நாட்டில் 2005 மார்ச் 30-இல் வந்த அரசாணை 172-இன்படி வீட்டின் அளவு 300 சதுர அடியை ஒட்டி, மதிப்பு ஒன்றரை லட்சம். ஒரே அளவு, ஒரே வரிசை, தட்டையான கான்கிரீட் கூரை. ஒப்பந்தக்காரர் போட்ட முதல் நிபந்தனை, இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் சுனாமி வீடுகளை ஆராய்ந்த சுவிட்சர்லாந்தின் ஜெனிபர் டுயின் பாரன்ஸ்டைன் இதை எழுதியிருக்கிறார். தரையை முழுசாக வழித்துக் கொடுத்தால்தான் வேலை தொடங்குவோம் என்று ஒப்பந்தக்காரர்கள் நின்றார்கள். கடல் விட்டுவைத்த தென்னையும் வேம்பும் பூவரசும் புனரமைப்பில் விழுந்தன. இடியாத பழைய வீடுகளும் சில ஊர்களில் இடிபட்டன.

அந்த மரத்தடியில்தான் வலை பின்னினார்கள், மீன் காயவைத்தார்கள், பெண்கள் பகல் முழுக்க இருந்தார்கள், சாவுக்குப் பந்தல் போட்டார்கள், ஊர்க்கூட்டம் போட்டார்கள். மரம் போன பிறகு மதியம் கான்கிரீட் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, வெளியேயும் இருக்க முடியவில்லை. வாங்குகிற சம்பளத்தில் மின்விசிறிக்குக் கட்டணம் என்று ஒரு செலவு புதுசாக முளைத்தது. மேட்டுத் தெருவும் சேரியும் ஒரே மாதிரி வெந்தது இந்த ஒரு விசயத்தில்தான். மரம் போன துக்கத்தில் மீனவப் பெண்ணும் என் அத்தையும் ஒரே வார்த்தை பேசினார்கள். மற்ற பல விசயங்களில் எங்களுக்குள் வழக்கு உண்டு. இதில் வழக்கில்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. வீட்டுமனைக்காக மரத்தை வெட்டிய அதே வருசங்களில், கடலோரத்தில் மரம் நட்டு ‘உயிர்க்கேடயம்’ அமைக்கப் பணம் கொட்டியது. 2005 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் டேனியல்சன் குழுவினர் கடலூர் மாவட்ட ஆய்வை வெளியிட்டார்கள். அலையாத்தியும் சவுக்கும் அடர்ந்து நின்ற இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவு என்றார்கள். வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதியில் 2002-இல் ஒரே நாளில் 80,244 கன்று நட்டுக் கின்னஸ் சாதனை செய்திருந்தார்கள், அந்த ஊர் தப்பியதும் பெரிதாகப் பேசப்பட்டது. 2006-இல் கெர் முதலிய ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டைப் பக்கத்து 18 கிராமங்களின் புள்ளிவிவரத்தைத் திருப்பிப் பார்த்து, கடலிலிருந்து தூரமும் தரையின் உயரமுமே பெரும்பங்கு காரணம் என்று மறுத்தார்கள். அறிஞர்கள் சண்டை நடக்கட்டும். மரம் என்றாலும் மேடு என்றாலும் இங்கே இரண்டையும் ஒரே ஜேசிபி வழித்தது. மணல்மேட்டை வெட்டிச் சமன் செய்யக் கூடாது என்று 1991 பிப்ரவரி 19-இல் வந்த கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. கேடயத்துக்கான சவுக்கைக்கூட மணல்மேட்டின் அடம்பை அழித்துவிட்டு நட்ட இடங்கள் உண்டு.

6

இனி கணக்கு.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு குழு போட்டது. மேற்கு வங்கத்தில் ரயில் மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கு. மரத்துக்கு என்ன விலை என்று கேட்டது நீதிமன்றம். 2021-இல் குழு பதில் சொன்னது: ஒரு மரத்தின் மதிப்பு வருசத்துக்கு 74,500 ரூபாய், அதை மரத்தின் வயதால் பெருக்க வேண்டும். அதில் ஆக்சிஜனுக்கு மட்டும் 45,000.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. தமிழ்நாடு அரசு விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அகற்ற 500, ஆக மொத்தம் 1,100 ரூபாய் என்று அறிவித்தது. அதுவும் யாருக்கு? பட்டா வைத்திருந்தவருக்கு. ஏறிக் காய் பறித்தவன், மட்டை உரித்தவன், கீற்று முடைந்தவள், ஈர்க்கில் சீவித் துடைப்பம் கட்டியவள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. மரம் வைத்திருந்தவனுக்கு மரம் போச்சு. மரத்தால் பிழைத்தவனுக்குப் பிழைப்பே போச்சு. போன பிழைப்புக்கு ஒத்த ரூபாய் இல்லை.

ஒரே நாட்டில் ஒரு மரம் 74,500-ம் ஆகிறது, 600-ம் ஆகிறது. எங்க புறம்போக்குப் பூவரசு பூச்சியம் ஆகிறது. மரத்தின் விலை மரத்தில் இல்லை, பக்கத்தில் நிற்கிற ஆளின் காகிதத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

ஒன்றுக்குப் பத்து என்கிறார்கள். சாலைக்கும் கட்டடத்துக்கும் மரம் வெட்டும் வழக்குகளில் நீதிமன்றங்கள் போடும் உத்தரவு இப்போது இதுதான். நல்ல உத்தரவு. ஆனால் நட்டதை எண்ணும் கணக்கு இது. நின்றதை எண்ணுவது வேறு கணக்கு. காட்டு நிலத்துக்கு ஈடுகட்டும் பணத்துக்கு 2016-இல் சட்டமே போட்டார்கள். தெருவோரத்து மரத்துக்கு அது வராது. பத்துக் கன்றை எங்கே நடுவது என்பதையும் யார் முடிவு செய்கிறார்கள்? வெட்டுவது சேரி வாசலில், நடுவது பைபாஸ் ஓரத்தில் என்றால், நிழல் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம். எங்க வெயிலுக்கு இன்னொருத்தன் காருக்கு நிழல்.

தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் 2சி பட்டா என்று ஒன்று உண்டு. புறம்போக்கில் மரம் வளர்த்தவருக்கு அந்த மரத்தின் பலனில் உரிமை தரும் பட்டா. நிலம் சர்க்காருடையதாகவே இருக்கும், மரத்தின் பலன் வளர்த்தவருக்கு. சேரியில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்? கேட்டாலும் அலுவலகப் படி ஏறி வாங்கியவர்கள் எத்தனை பேர்?

7

சரி, எப்படி நடுவது? எதிர்ப்பு மட்டும் எழுதிவிட்டுப் போக இந்தக் கட்டுரை விரும்பவில்லை. சேரிக்குத் தெரிந்ததைச் சேரி சொல்லட்டும்.

முதலாவது, காலம். இந்தக் கரைக்கு மழை தருவது வடகிழக்குப் பருவம். வருசத்து மழையில் பெரும்பங்கு அய்ப்பசியிலிருந்து மார்கழி வரை. ஜூன் 5 உலகத்துக்குச் சுற்றுச்சூழல் நாளாக இருக்கலாம், எங்களுக்கு அது கத்திரி அடங்காத வெயில். அன்றைக்கு நட்டால் நாலு மாசம் தண்ணீர் சுமக்க வேண்டும். சுமக்க ஆள் போட்டீர்களா? புரட்டாசிக் கடைசியில் நட்டால் வானம் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, முறை. பூவரசு, ஒதியன், முருங்கை மூன்றுக்கும் நர்சரிக் கன்று தேவையில்லை. கைத்தண்டி கிளையை ஆளுயரத்துக்கு மேல் வெட்டி, போத்தாக மழையில் ஊன்றினால் துளிர்த்துவிடும். துளிர் ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் வரும். வேலிச் செலவும் மிச்சம், ஆட்டின் மேல் பழியும் இல்லை. பனைக்கு விதை போட்டால் போதும், காய்க்கப் பதினைந்து வருசம் ஆகும் என்ற பொறுமை வேண்டும். வேம்பும் புன்னையும் கன்றாக வைக்கலாம். குழி மூன்றடிக்கு மூன்றடி, கிராவலையும் கல்லையும் எடுத்து வெளியே போட்டு, வாய்க்கால் வண்டலும் தொழுவுரமும் கலந்து நிரப்ப வேண்டும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர். இதைச் செய்ய விஞ்ஞானி வேண்டாம், எங்க தெருப் பெண்கள் போதும். அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள், அதற்குப் பேர் பழைய காலத்தில் வெட்டி.

மூன்றாவது, எண்ணிக்கை. வெட்டுவதற்கு முன் எண்ணும்போது தெரு ஆட்கள் கூட நிற்க வேண்டும். தாழையும் நொச்சியும் முருங்கையும் பட்டியலில் ஏற வேண்டும். நட்ட அன்று எண்ணுவது போதாது. மூன்றாம் வருசக் கோடை முடிந்து எண்ண வேண்டும். அந்த எண் வரும் வரை ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

நான்காவது, இடம். வெட்டிய தெருவில் நட வேண்டும். இடமில்லை என்றால் கட்டடத்தைச் சுற்றி விடுங்கள். மரத்துக்கு இடம் விடாமல் மதில்சுவர் வரை தளம் போட்டது யார் குற்றம்?

அய்ந்தாவது, உரிமை. நட்டு வளர்க்கும் குடும்பத்துக்கு அந்த மரத்தின் தழை, காய், சுள்ளியில் எழுத்துப்பூர்வமாக உரிமை தர வேண்டும். அப்போது காவலுக்கு ஆளே வேண்டியதில்லை.

இந்த அய்ந்தையும் எழுதி மறுபடி மனு கொடுத்திருக்கிறோம். பெற்றுக்கொண்டதற்கு ரசீது தந்தார்கள். அதற்கு மேல் இன்னும் ஒன்றும் வரவில்லை.

போன அய்ப்பசியில் மழை விட்ட ஒரு காலையில் தெருவே சேர்ந்து மதில் ஓரமாகப் பூவரசம் போத்து ஊன்றினோம். கிளை கொடுத்தது மேட்டுத் தெருவில் ஒரு வீடு. அனுமதி வாங்கினீர்களா என்று வாட்ச்மேன் கேட்டார். “எங்கம்மா காலத்துல மரம் வைக்க ஆண்டைகிட்ட கேக்கணும். இப்ப யார்கிட்டடா கேக்கணும், சொல்லு” என்றார் அத்தை. வாட்ச்மேனும் பக்கத்து ஊர்ச் சேரிப் பையன்தான். பேசாமல் போய்விட்டான். ஊன்றியதில் சில பட்டுப்போயின, சில துளிர்த்திருக்கின்றன. எத்தனை நிற்கிறது என்று மூன்றாம் வருசம் எண்ணி எழுதுகிறேன்.

அதுவரைக்கும் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ச் சேரியில் கட்டடத்துக்காக, சாலைக்காக வெட்டிய மரம் எத்தனை, என்னென்ன, யார் வைத்தது, அதனடியில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். அரசாங்கப் பட்டியலில் ஏறாத மரம் நம் ஏட்டிலாவது ஏறட்டும். நாளைக்கு மனு எழுத அது வேண்டும்.